கேட்டெழுதுங்கோ: கேக்குக்குள் கைத்தொலைபேசி, மதிலில் சுவரொட்டி

போன இதழில், படம் திரைக்கு வருவதற்கு முதலே அதன் கதைக்குள் சனத்தை இழுத்துவிடுகிற விளம்பரங்களைப் பற்றி ஒரு பந்தி எழுதியிருந்தேன். கொழும்பில் விளம்பர நிறுவனம் ஒன்றில் சவர்க்காரத்துக்கும் பால்மாவுக்கும் தமிழில் வரி எழுதிக்கொண்டிருந்த காலத்திலிருந்தே எனக்கு அதில் ஒரு பைத்தியம். உங்களுக்கும் அது தொற்றிவிட்டதுபோல. இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அதைப் பற்றித்தான். வல்லாரைச் சம்பலையும் காணி உறுதியையும் பற்றிக் கேட்டவர்கள் அடுத்த இதழ்வரை பொறுத்துக்கொள்ளுங்கோ.

அக்கா, நான் சந்தைப்படுத்தல் படிக்கிறேன். விரிவுரையில் 'மாற்று மெய்ம்மை விளையாட்டு' என்று ஒன்று வந்தது. ஏ.ஆர்.ஜி. என்று சுருக்கிச் சொல்கினம். எங்கட விளையாட்டுப் போட்டிகளில் வைக்கிற புதையல் தேடுதலுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்?
*மாணவி, கொக்குவில்*

புதையல் தேடுதலுக்கு ஒரு நோட்டீஸ் இருக்கும் தங்கச்சி. ஆர் நடத்துகினம், எத்தனை மணிக்கு, என்ன பரிசு, எல்லாம் அதில் அடித்திருக்கும். இதில் அந்த நோட்டீஸ்தான் இல்லை. எங்கோ ஓரிடத்தில் பொருந்தாத ஒன்று உங்கள் கண்ணில் படும். மற்றவர்கள் பார்க்காமல் போவார்கள். நீங்கள் நின்று பார்ப்பீர்கள். நின்றால் ஆட்டத்துக்குள் வந்துவிட்டீர்கள்.

2001 இல் ஸ்டீவன் ஸ்பீல்பேர்க்கின் 'ஏ.ஐ.' படத்துக்கு நடந்ததைச் சொன்னால் விளங்கும். முன்னோட்டத்தில் கலைஞர்களின் பேர்கள் போகிற இடத்தில், 'ஜெனீன் சல்லா, உணர்வுள்ள இயந்திரங்களின் மனநலச் சிகிச்சையாளர்' என்று ஒரு பேரும் போனது. அப்படி ஒரு உத்தியோகம் எந்தப் படப்பிடிப்பில் இருக்கிறது? யோசித்த சிலர் அந்தப் பேரை இணையத்தில் தேடினார்கள். அவர் பெங்களூர் உலகப் பல்கலைக்கழகத்தில் வேலை செய்கிறார் என்று ஒரு தளம் வந்தது. (வருங்காலப் பல்கலைக்கழகத்தை ஹொலிவூட்காரர் பெங்களூரில் கொண்டுவந்து வைத்ததில் எனக்குத் தனிச் சந்தோஷம்.) அந்தத் தளத்திலிருந்து இன்னொன்று, அதிலிருந்து இன்னொன்று. எல்லாத் தளங்களிலும் காலம் 2142. இவான் சான் என்றொருவர் தன் படகுப் பயணத்தில் இறந்துபோயிருக்கிறார். விபத்தா கொலையா என்று ஒருவரும் தெளிவாகச் சொல்லவில்லை. இன்னொரு பக்கத்தில், படத்தின் விளம்பர எழுத்துகளில் சின்னச் சின்ன வெட்டுகள் விழுந்திருந்தன. எண்ணிப் பார்த்தால் ஒரு தொலைபேசி இலக்கம். எடுத்தால் மறுமுனையில் குரல்.

செய்தவர்கள் மைக்ரோசொப்டில் இருந்த ஒரு சின்னக் குழு: ஜோர்டன் வைஸ்மன், இலான் லீ, கதை எழுத ஷோன் ஸ்டுவர்ட் என்ற நாவலாசிரியர். மூன்று மாதம் தாங்கும் என்று அடுக்கி வைத்திருந்த புதிர்களை ஆட்டக்காரர்கள் முதல் நாளிலேயே அவிழ்த்துப் போட்டுவிட்டார்கள். தனித்தனியாக இருந்து அவிழ்த்ததல்ல. செத்த மனிதனின் படகின் பேரில் 'கிளவுட்மேக்கர்ஸ்' என்று யாஹூவில் ஒரு குழு, ஏழாயிரம் பேருக்கு மேல். அவ்வளவு பேர் கூடியிருந்தால் எந்தப் புதிருக்கும் அதைப் படித்த ஒருவர் அகப்பட்டே தீருவார்.

கையில் இருந்த சரக்கு முடிந்துவிட்டது, படம் வர இன்னும் கிழமைகள் கிடக்கு. பிறகென்ன, எழுத எழுத வெளியிட வேண்டியதாயிற்று. ஆட்டக்காரர் எந்தப் பாத்திரத்தில் மயங்குகினம், எதைச் சந்தேகிக்கினம் என்று குழுவை ஒளித்திருந்து வாசித்து, அதற்கேற்பக் கதையை வளைத்தார்கள். நாட்டுக்கூத்து வட்டக்களரியில் அண்ணாவியார் சபையின் முகத்தைப் பார்த்துப் பாட்டை நீட்டுவதும் குறுக்குவதும்போல. நீங்கள் கேட்ட வித்தியாசம் அதுதான். புதையல் தேடுதலில் குறிப்புகள் காலமையே எழுதி ஒளித்தாயிற்று. இங்கே எழுதுகிறவர் கடைசி நாள்வரை நித்திரை கொள்வதில்லை. பரீட்சைக்கு எழுத வேண்டுமென்றால் இதை எழுதுங்கோ.

உதுக்குக் கொட்டுகிற காசுக்கு விற்பனை கூடுமோ? அல்லது விளம்பரக்காரரின் விளையாட்டுத்தானோ?
*வங்கி உத்தியோகத்தர், சுன்னாகம்*

பாதிக்குப் பாதி. 2004 இல் 'ஹேலோ 2' என்ற வீடியோ விளையாட்டுக்கு, தேனீ வளர்க்கும் ஒரு பெண்ணின் இணையத்தளம் பழுதாகிக் கிடப்பதாக ஒரு கதை கட்டினார்கள். 'ஐ லவ் பீஸ்' என்று பேர். பழைய ஆட்டக்காரர் சிலருக்குத் தபாலில் தேன் போத்தல் போனது. தளத்தில் வந்த இலக்கங்கள் பூமியில் உள்ள இடங்களைக் காட்டின. அந்த இடங்களில் பொதுத் தொலைபேசிகள் இருந்தன. சொன்ன நேரத்துக்குப் போய் நின்றால் மணி அடிக்கும், எடுத்தால் கதையின் ஒரு துண்டு கேட்கும். அந்த வருடம் நவம்பரில் ஹேலோ 2 வந்து முதல் 24 மணித்தியாலத்தில் 125 மில்லியன் டொலருக்கு விற்றது. அதில் தேனீக்களின் பங்கு எவ்வளவு? ஹேலோவின் முதல் பாகத்துக்கே உலகமெங்கும் வெறியர்கள் இருந்தார்கள். தேனீ இல்லாவிட்டாலும் வரிசையில் நின்றிருப்பார்கள்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கோ. பத்திரிகையில் ஒரு பக்கம் விளம்பரம் போட்டால் வாசகர் அதைப் புரட்டுவார். இங்கே ஒரு மனிதன் வேலை முடிந்து, வீதியோரத் தொலைபேசிக்குப் பக்கத்தில் நின்று, மணி அடிக்குமா என்று காத்திருக்கிறான். அவன் அடுத்த ஒரு வருடத்துக்கு அதைப் பற்றி ஊரெல்லாம் கதைப்பான். விலை கொடுத்து வாங்க முடியாத கதை அது. உங்கள் பேரேட்டில் அதை எந்தப் பக்கம் பதிவது என்று எனக்குச் சொல்லத் தெரியாது.

'த டார்க் நைட்' படத்துக்கு 2007 தொடக்கம் 2008 வரை நடந்த ஆட்டத்தில் 75 நாடுகளிலிருந்து பத்து மில்லியனுக்கு மேல் கலந்துகொண்டதாகச் சொல்கிறார்கள். சொன்னது அதை நடத்தியவர்கள் என்பதையும் சேர்த்து வாசியுங்கோ. அதில் ஒரு கட்டம் உங்களுக்கென்றே செய்ததுபோல: அமெரிக்க நகரங்களில் சில பேக்கரிகளுக்குப் போய், 'ரொபின் பாங்ஸ்' என்ற பேருக்கு எடுத்து வைத்ததைத் தாருங்கோ என்று கேட்க வேண்டும். பேரை ஆங்கிலத்தில் வேகமாகச் சொன்னால் வங்கிக் கொள்ளை என்று கேட்கும். ஒரு கேக் தருவார்கள். மேலே ஐசிங்கில் ஒரு தொலைபேசி இலக்கம். கூப்பிட்டால் கேக்குக்குள்ளேயே மணி அடிக்கும். வெட்டிப் பார்த்தால் உள்ளே பையில் சுற்றிய கைத்தொலைபேசி, ஜோக்கர் தந்தது.

நாங்கள் ஒரு ரப் குழு. பாட்டுத் தொகுப்பு ஒன்றை வித்தியாசமாக வெளியிட ஆசை. இசைக்காரர் ஆரும் இப்பிடிச் செய்திருக்கினமோ?
*மானிப்பாய்ப் பெடியன்*

செய்திருக்கினம் தம்பி. எனக்கு இந்தத் துறையில் ஆகப் பிடித்ததும் அதுதான். 2007, 'நைன் இஞ்ச் நெய்ல்ஸ்'. அதன் தலைவர் ட்ரென்ட் ரெஸ்னர், 'இயர் சீரோ' என்ற தொகுப்பை, அமெரிக்கா கெட்டுக் குட்டிச்சுவராகிப்போன ஒரு வருங்காலத்தில் வைத்துப் பாடியிருந்தார். கதை பெரிது, பாட்டுக்குள் அடங்கவில்லை. அதனால் மிச்சத்தை வெளியே சிதறவிட்டார்கள். சுற்றுப்பயணத்தில் விற்ற ரீ-சேட்டில் சில எழுத்துகள் மட்டும் தடிப்பாக இருந்தன. சேர்த்து வாசித்தால் 'நான் நம்ப முயல்கிறேன்' என்று வந்தது. அந்த ஆங்கில வசனமே ஒரு இணைய முகவரி. லிஸ்பன் நகரக் கச்சேரி மண்டபத்தின் கழிவறையில் ஒரு யூ.எஸ்.பி. துண்டு கிடந்தது. செருகிப் பார்த்தால் அதுவரை வெளிவராத பாட்டு. அந்தத் தொகுப்பின் பாட்டொன்றின் முடிவில் வருகிற இரைச்சலை, ஒலியைப் படமாக்கிக் காட்டும் மென்பொருளில் போட்டுப் பார்த்தவர்களுக்கு வானத்திலிருந்து இறங்கும் ஒரு கை தெரிந்தது.

இதற்குள் ஒரு பகிடியும் நடந்தது. இரசிகர்கள் அந்தப் பாட்டுகளை இணையத்தில் ஏற்ற, அமெரிக்க ஒலிப்பதிவுக் கைத்தொழிற் சங்கம் 'திருட்டுப் பிரதி, கழற்று' என்று தளங்களுக்கு எச்சரிக்கை அனுப்பியது. கழிவறையில் போட்டுவிட்டு வந்ததே பாட்டுக்காரரின் ஆட்கள்தான்!

இது சந்தைப்படுத்தல் அல்ல, தொகுப்பின் ஒரு பகுதி என்று ரெஸ்னர் பிடிவாதமாகச் சொன்னார். நான் அவரை நம்புகிறேன். உங்களுக்கும் அதையே கேட்பேன்: பாட்டுக்கு வெளியே சொல்ல உங்களிடம் கதை கிடக்கிறதா? கிடந்தால் சிதற விடுங்கோ. இல்லையென்றால் ஒரு நல்ல வீடியோ எடுத்துப் போடுங்கோ, காணும். யூ.எஸ்.பி. யோசனையை மட்டும் இப்போது விட்டுவிடுங்கோ. கண்டெடுத்ததைக் கணினியில் செருகாதே என்று பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்திலேயே சொல்லிக் கொடுக்கிற காலம்.

நான் திருநெல்வேலிப் பக்கம் ஐஸ்கிறீம் கடை நடத்துகிறேன். நல்லூர்த் திருவிழாவுக்குப் புதிதாக ஒரு வகை இறக்க எண்ணம். ரொறன்ரோவிலிருந்து வந்து நிற்கிற மருமகன் ஒரு திட்டம் சொல்கிறான். ஒரு பிள்ளையின் படம் போட்டு 'காணவில்லை' என்று சுவரொட்டி ஒட்டுவதாம். அதிலிருக்கிற இலக்கத்துக்கு அடித்தால் அழுகிற குரல் ஒன்று கேட்குமாம். இரவில் சில இலக்கங்களுக்கு நாங்களும் எடுத்து, ஒன்றும் கதைக்காமல் வைப்பதாம். மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் லைட் மின்னுகிற பெட்டி ஒன்று. கடைசி நாள் 'காணாமற்போனது இந்த ருசிதான்' என்று கடையில் திறந்து காட்டுவதாம். வெளிநாட்டில் இப்படித்தான் செய்கினமாம். செய்யலாமோ?
*கடை உரிமையாளர்*

வேண்டாம் ஐயா. மருமகன் கெட்டிக்காரன், குறை சொல்லவில்லை. அவர் சொன்ன மூன்றும் வெளிநாட்டில் நடந்தவைதான். நடந்த பிறகு என்ன ஆனது என்பதையும் அவர் தேடிப் பார்த்திருக்கலாம்.

'காணவில்லை' சுவரொட்டி 1999 இல் 'பிளேர் விச் புரொஜெக்ட்' என்ற பேய்ப் படத்துக்கு ஒட்டியது. நடித்த மூன்று பேரையும் உண்மையாகவே காட்டில் காணாமற்போனவர்களாகக் காட்டினார்கள். திரைப்படத் தகவல் தளத்திலும் 'காணவில்லை, இறந்திருக்கக்கூடும்' என்று போட்டார்கள். சின்னக் காசில் எடுத்த படம் உலகமெங்கும் 24 கோடி டொலருக்கு மேல் வசூலித்தது உண்மை. நடித்த பெண்ணின் தாய்க்கு அனுதாப அட்டைகள் வந்ததும் உண்மை.

அது மேரிலாந்துக் காடு. இது யாழ்ப்பாணம். இங்கே பிள்ளையின் படத்தை நெஞ்சில் பிடித்துக்கொண்டு 2017 இலிருந்து கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் தாய்மார் வீதியோரக் கொட்டகையில் இருக்கினம். காணாமற்போனோருக்கென்று 2016 இல் சட்டம் போட்டு அலுவலகம் திறந்த நாடு இது. உங்கள் சுவரொட்டியைப் பார்த்து ஆயிரம் பேர் 'இது ஏதோ விளம்பரமாக்கும்' என்று போவார்கள். ஆயிரத்து ஓராவது ஆள் நின்று, அந்த முகத்தைக் கிட்டப் போய்ப் பார்ப்பாள். அவள் இலக்கத்தை அடிப்பாள், அழுகுரல் கேட்கும். அதற்குப் பிறகு நீங்கள் எந்த ருசியில் ஐஸ்கிறீம் விற்றாலும் உங்கள் கடை வாசலை மிதிக்க எனக்கு மனம் வராது.

இரவு அழைப்பு. 2008 இல் டொயோட்டா நிறுவனத்துக்கு அமெரிக்காவில் ஒரு விளம்பரம் செய்தார்கள். நண்பரை ஏமாற்ற விரும்புகிறவர் அவர் விபரத்தைத் தளத்தில் கொடுக்கலாம். பிறகு அந்த நண்பருக்கு முன்பின் தெரியாத ஒரு முரடனிடமிருந்து மின்னஞ்சல்கள் போகும். கலிபோர்னியாவில் ஒரு பெண்ணுக்கு, பொலிஸுக்கு ஒளித்துத் திரிகிற ஆங்கிலேயன் ஒருவன், பிட்புல் நாயுடன் உன் வீட்டில் வந்து தங்கப்போகிறேன் என்று நாளுக்கு நாள் எழுதினான். அவளுடைய விலாசமும் அவனுக்குத் தெரிந்திருந்தது. பாவம், அவள் நித்திரையில்லாமல் கிடந்திருக்கிறாள். 2009 இல் பத்து மில்லியன் டொலர் கேட்டு வழக்குப் போட்டாள். 'நீ இணைப்பை அமத்தி, விதிகளுக்குச் சம்மதித்தாய்' என்றது நிறுவனத்தின் பக்கம். 2011 இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அந்தச் சம்மதம் செல்லாது என்றது. ஆளுமைச் சோதனை என்று சொல்லி வாங்கிய சம்மதம் அது.

மின்னுகிற பெட்டி. 2007 ஜனவரி 31, பொஸ்டன் நகரம். ஒரு கார்ட்டூன் தொடருக்காகப் பாலங்களிலும் சுவர்களிலும் மின்கலமும் வயரும் தெரிகிற மின்விளக்குப் பலகைகளைக் கொழுவியிருந்தார்கள். வேறு நகரங்களிலும் அதே பலகைகள் இருந்தன, அங்கே இவ்வளவு பதற்றம் வரவில்லை. பொஸ்டனில் ஒருவர் பொலிஸைக் கூப்பிட, குண்டு செயலிழக்கச் செய்கிறவர்கள் வந்தார்கள், வீதிகளையும் பாலங்களையும் மூடினார்கள். தொலைக்காட்சி நிறுவனமும் விளம்பர நிறுவனமும் இரண்டு மில்லியன் டொலர் கட்டின. கார்ட்டூன் நெட்வேர்க்கின் தலைவர் பதவி விலகினார். மணிக்கூட்டுக் கோபுரத்தடியில், திருவிழாச் சனத்துக்குள், வயர் தெரிகிற ஒரு பெட்டி! ஐயா, எங்கட சனம் ஒரு பெட்டியைப் பார்த்தால் என்ன நினைக்கும் என்பதை நான் உங்களுக்கு எழுதவும் வேண்டுமோ? கண்ணிவெடி அகற்றுகிறவர்கள் இந்த மாகாணத்தில் எத்தனை வருடம் நிலத்தைத் தடவினார்கள் என்று மருமகனிடம் சொல்லுங்கோ. அவர் போன வயது சின்ன வயதாயிருக்கும்.

சட்டமும் இருக்கிறது. மக்களைத் தவறாக வழிநடத்தும் வியாபார நடத்தையை 2003 ஆம் ஆண்டின் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் தடுக்கிறது. தொலைபேசி இலக்கங்களைச் சேர்த்து வைத்துக் கூப்பிடப் போனால் 2022 இன் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தையும் வாசிக்க வேண்டும். ஆனால் சட்டம் இல்லாவிட்டாலும் என் பதில் மாறாது.

தேனீ ஆட்டத்தில் மணி அடித்தது வீதியோரத் தொலைபேசியில். அதற்கு முன்னால் நின்றவன் புதிரை அவிழ்த்து, நேரம் பார்த்து, தானாக வந்து நின்றவன். மருமகனின் திட்டத்தில் மணி அடிப்பது ஒரு வீட்டு மண்டபத்தில், ஒன்றும் கேட்காத ஒருத்திக்கு. முதல் அடி ஆட்டக்காரருடையதாக இருக்க வேண்டும், கடைக்காரருடையதாக இருக்கக் கூடாது. இந்தத் தொழிலில் நான் பிடித்துக்கொண்டிருக்கிற ஒரே விதி இது. 2005 இல் அவுடி நிறுவனம் தன் காரையே நியூயோர்க் காட்சியறையில் களவு போனதாகக் கதை கட்டியது. களவு போனது அவர்கள் பொருள். தேடியவர் விரும்பித் தேடினார். அதைப் பாருங்கோ.

உங்கள் புது ஐஸ்கிறீமுக்கும் அப்படி ஒன்று செய்யலாம். விலைப்பட்டியலில் ஒரு வரியை, விலை மட்டும் போட்டு, பேர் இல்லாமல் விடுங்கோ. கேட்கிறவருக்குப் பரிசாரகர் 'எங்களுக்கும் தெரியாது' என்று சொல்லி ஒரு சின்னக் கடதாசித் துண்டு கொடுக்கட்டும். கேளாதவர் வழக்கம்போல ரோல்ஸும் ஐஸ்கிறீமும் தின்றுவிட்டுப் போகட்டும்.

என்ர மகன் இரவிரவாக ரெலிகிராமில் ஏதோ குறியீடுகள் அவிழ்க்கிறானாம். கேட்டால் விளையாட்டு என்கிறான். ஏதும் பிழையான கூட்டமோ என்று பயமாயிருக்கு.
*தாய், சாவகச்சேரி*

பக்கத்தில் இருந்து 'எனக்கும் காட்டு' என்று கேளுங்கோ அம்மா. விளையாட்டாக இருந்தால் அவன் விடியும்வரை விளங்கப்படுத்துவான், உங்களுக்கு அலுத்துப்போகும். மறைத்தால்தான் யோசிக்க வேண்டும். விளம்பரத்துக்காகச் செய்கிற ஆட்டம் உங்கள் நேரத்தைத் தின்னும், பொழுதைத் தின்னும், ஆனால் வங்கி அட்டை இலக்கமும் ஓ.டி.பி.யும் கேளாது. 'முதலில் ஐயாயிரம் போடு, பணி முடித்தால் பத்தாயிரம் வரும்' என்று கேட்கிறது எதுவோ, அது புதிர் அல்ல, மோசடி.

நித்திரையைக் கவனிப்பதும் நல்லது. நான் மேலே சொன்ன கிளவுட்மேக்கர்ஸ் குழுவில், ஆட்டம் முடிந்து சில கிழமைகளில் 2001 செப்டெம்பர் 11 தாக்குதல் நடந்தது. உடனே சிலர் 'வாருங்கோ, இதையும் நாங்கள் துப்புத் துலக்குவோம்' என்று எழுதத் தொடங்கினார்கள். உண்மையான சாவு, உண்மையான சாம்பல். குழுவை நடத்தியவர்கள் தலையிட்டு, இது ஆட்டமல்ல, நிறுத்துங்கோ என்று சொல்ல வேண்டியிருந்தது. அவர்கள் விசரர் அல்லர், படித்த பிள்ளைகள். மாதக்கணக்காக எல்லாவற்றையும் துப்பாகவே பார்த்துப் பழகிய கண் அது. உங்கள் மகனையும் பின்னேரங்களில் பந்தடிக்க அனுப்புங்கோ.

நாலைந்து பேர் சேர்ந்து ஒரு குறும்படம் எடுத்திருக்கிறம். கையில் காசில்லை. ஊரை வைத்து இப்பிடி ஒரு ஆட்டம் கட்டலாமோ? எங்கே தொடங்குறது?
*இளைஞர்கள், கரவெட்டி*

காசில்லாதவருக்கென்றே யாழ்ப்பாணத்தில் குறியீடுகள் கொட்டிக் கிடக்குது தம்பிமார்.

முதலாவது பாமினி. பாமினி எழுத்துருவில் அடித்த தமிழை, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குப்பையாகத் தெரியும். எங்கட அரசாங்கக் கச்சேரிகளிலும் அச்சகங்களிலும் இருந்தவர்கள் அந்தக் குப்பையை வெறும் கண்ணாலேயே வாசிப்பார்கள். உங்கள் சுவரொட்டியின் அடியில் அப்படி ஒரு வரி கிடக்கட்டும். பத்தொன்பது வயதுப் பெடியனுக்கு விளங்காது. ஓய்வுபெற்ற லிகிதர் மாமாவுக்குச் சட்டென்று விளங்கும். பெடியன் மாமாவைத் தேடிப் போவான். அந்தப் போக்குவரத்துத்தான் இந்த ஆட்டத்தின் உயிர்.

தொலைபேசி இலக்கத்தைத் தமிழ் எண்களில் எழுதுங்கோ. ௭ எது, ௯ எது என்று இன்றைக்கு எத்தனை பேருக்குத் தெரியும்? நொடி (விடுகதை) போடுகிற ஆச்சிமார் இன்னும் இருக்கினம், அவர்களிடம் போய்க் கேட்டு வாங்கி, அவர்கள் குரலிலேயே பதிவுசெய்து, அந்த இலக்கத்தின் மறுமுனையில் வையுங்கோ.

இடங்களுக்குப் பஞ்சமில்லை. நிலாவரைக் கிணற்றில் போட்ட எலுமிச்சம்பழம் கீரிமலையில் மிதந்தது என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். ஒரு துண்டை நிலாவரையிலும் அதன் மறுபாதியைக் கீரிமலையிலும் வைத்தால், குறிப்பே எழுதத் தேவையில்லை, ஊர்ப் பிள்ளை தானாகப் போகும். வெளியூர்ப் பிள்ளை ஊர்ப் பிள்ளையைக் கேட்க வேண்டிவரும். மணிக்கூட்டுக் கோபுரம், 1875 இல் இலங்கைக்கு வந்த வேல்ஸ் இளவரசரின் வருகையை நினைந்து எழுப்பியது. அந்த ஆண்டை ஒரு பூட்டின் இலக்கமாக வைக்கலாம். துண்டுகளைக் கிணற்றுக்குள் போடாதேயுங்கோ, கிணற்றுக் கட்டின் மேல் ஆட்களை ஏற விடாதேயுங்கோ. பக்கத்தில் கச்சான் விற்கிற அம்மாவிடம் கொடுத்து வையுங்கோ, கேட்கிறவருக்கு அவ கொடுப்பா. அவவுக்கு ஏதும் கொடுக்க மறக்கக் கூடாது.

பிறகு உங்கள் பெரியம்மாவின் பிள்ளைகள் எங்கே இருக்கினம்? ரொறன்ரோ, பாரிஸ், ஒஸ்லோ. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கை ஒட்டி, மக்டொனால்ட்ஸும் ஒலிம்பிக் குழுவும் சேர்ந்து 'த லொஸ்ட் ரிங்' என்று ஓர் ஆட்டம் நடத்தின. வடிவமைத்தவர்களில் ஜேன் மக்கோனிகல் முக்கியமானவர். பாத்திரங்கள் வெவ்வேறு நாட்டில், வெவ்வேறு மொழியில். ஒரு நாட்டுக்காரர் தனியே அவிழ்க்க முடியாது. மறந்துபோன ஒரு பழைய விளையாட்டைத் தேடுவது கதை. கடைசியில் கண்ணைக் கட்டிக்கொண்டு சுருள்வழிக்குள் ஓடுகிற அந்த விளையாட்டை, ஆட்டக்காரர்கள் தங்கள் தங்கள் நகரங்களில் உண்மையாகவே விளையாடினார்கள். அவர்கள் கோடிக் காசில் கட்டிய வலை உங்களுக்கு வட்ஸ்அப் குடும்பக் குழுக்களில் சும்மா கிடக்குது. ஒரு பாதிப் புதிர் ஸ்காபரோவில் ஒரு தமிழ்க் கடையில், மறுபாதி நெல்லியடிச் சந்தியில். இரண்டு பக்கமும் தொலைபேசியில் கதைத்தே ஆக வேண்டும்.

தொடாதவை: மரண அறிவித்தல், கோயில் மூலஸ்தானம், சீருடை, ஆமி, காணாமற்போனோர், பள்ளிக்கூடப் பிள்ளையின் படம். பகல் வெளிச்சத்தில் நடத்துங்கோ. பொதுமக்கள் நடமாடுகிற இடமாகப் பாருங்கோ. முதல் துண்டை விஷயம் தெரியாத ஒருவரிடம் கொடுத்துச் சோதித்துப் பாருங்கோ. உங்களுக்கு இலகுவாகத் தெரிகிறது அவருக்கு மலையாக இருக்கும். ஆட்டக்காரர் ஓரிடத்தில் இறுகி நின்றால் இறக்கிவிட ஒரு மேலதிகத் துண்டு எப்போதும் கையில் இருக்கட்டும். கடைசித் துண்டு படம் காட்டுகிற மண்டபத்துக்கே கூட்டி வரட்டும், அங்கே தேத்தண்ணியும் வடையும் வையுங்கோ. எனக்கும் ஒரு அழைப்பு அனுப்புங்கோ.

பரிசு வைக்க வேண்டுமோ?
*அதே கடிதத்தின் பின்பக்கத்தில்*

வைத்தால் சண்டை வரும், வைக்காவிட்டால் நட்பு வரும். இங்கிலாந்தில் 2005 இல் 'பெர்ப்ளெக்ஸ் சிற்றி' என்று ஓர் ஆட்டம். புதிர் அட்டைகளைக் காசுக்கு விற்று, ஒளித்து வைத்த ஒரு கனசதுரத்துக்கு ஒரு இலட்சம் பவுண் பரிசு வைத்தார்கள். 2007 இல் நோர்த்தம்ப்டன்ஷயர் காடொன்றில் ஒருவர் அதைத் தோண்டி எடுத்தார். பரிசு போய்விட்டது. ஆனால் அவிழாமலே கிடந்த அட்டைகளும் இருந்தன. அதில் ஒன்று: ஒரு யப்பானியரின் படமும், 'என்னைக் கண்டுபிடி' என்ற ஜப்பானிய வரியும். காசு ஒன்றும் இல்லை. சும்மா கிடந்த அந்த அட்டையைச் சிலர் விடவேயில்லை. 2020 டிசம்பரில்தான், முகத்தை ஒப்பிடும் மென்பொருளின் உதவியோடு ஆளைக் கண்டுபிடித்தார்கள்.

உண்மையைச் சொல்லுங்கோ, இந்தப் பத்திக்குள்ளும் ஏதும் ஒளித்து வைத்திருக்கிறீங்களோ?
*சந்தேகப் பேர்வழி, அளவெட்டி*

இல்லை ஐயா. எங்காவது 'ள'கரம் 'ல'கரமாக விழுந்திருந்தால் அது அச்சுப்பிழை. அதற்குப் பொறுப்பானவர் பக்கத்து மேசையில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்கிறார்.